பயணியின் பழியும் பாதையின் குப்பையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்றுமாறு பணிக்கப்பட்டபோது, வட்டத்தின் கவிதை வளர்ச்சியைப் பற்றித்தான் நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதற்கென்றே பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். 2020 மார்ச்சு மாதத்திற்குப் பிறகு பல பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நாம் ஒருவரையொருவர் காணாதிருந்த மாதங்கள் அவை. அந்த வெறும் பக்கங்களே இன்றைய என் பேச்சுக்குப் பொருளாயின.

உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட் 19 தொடர்பான உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்தது என்று 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது. நோய் தணிந்தது; நாமும் மறந்தோம். ஆயினும் அக்காலம் நம்மைக் கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. ஒரு மனிதனை ஊரார் நோயாகவே பார்க்கத் தொடங்கும்போது, அவன் தான் நடக்கும் மண்ணையும் தன் பக்கத்தில் ஓடும் நீரையும் எவ்வாறு நடத்துவான் என்பதே அக்கேள்வி. பயணம் செய்தோரை வைத்து இதனை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அக்காலத்தில் முதல் ஐயத்திற்கு ஆளானவர்கள் அவர்களே.

பயணியை அழுக்காகக் காணும் வழக்கம் 2020இல் பிறந்ததன்று. அதன் வரலாறு நீண்டது. 1377இல் அட்ரியாடிக் கடற்கரையில் இருந்த இரகூசா நகரம், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே ஊருக்குள் புகலாம் என்று சட்டம் செய்தது. வெனிசு நகரத்தார் 1423இல் இதற்கென்றே ஒரு தீவில் மருத்துவ மனையை நிறுவினர். நம் நாட்டில், பம்பாயில் 1896இல் பரவிய பிளேக்கை ஒட்டி, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புகைவண்டியில் செல்வோரைச் சோதித்துத் தனியே நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அரசுக்குத் தந்தது. நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2020 மார்ச்சில், மாநில அரசுகள் கையிலெடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

தமிழர்க்கு இதில் தனி நினைவு ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர் பலர் மண்டபத்தைக் கடந்தே கப்பலேறினர். அங்கே இலங்கை அரசு ஒரு முகாமை நடத்திவந்தது. கடல் கடக்குமுன் அத்தொழிலாளர் அங்கே சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டனர், உடல் கழுவப்பட்டனர். நோய்த் தடுப்பு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. அம்மையும் வாந்திபேதியும் உயிர் குடித்த காலம் அது. ஆனால் உழைக்கப் போகிறவன் கழுவி அனுப்பப்பட வேண்டிய பொருள் என்னும் பார்வை அந்த முகாமின் சுவர்களில் ஊறியிருந்தது. பின்னாளில் அந்த மண்டபம் முகாமே இலங்கையிலிருந்து திரும்பி வந்தோர்க்கும், போருக்கு அஞ்சி ஏதிலியராய் வந்தோர்க்கும் தங்குமிடமாயிற்று. போனபோதும் ஐயம், வந்தபோதும் ஐயம். வழிப்போக்கனின் விதி அது.

இப்போது 2020க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் ஒரு காட்சியை நாடே கண்டது. ஊர் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களைச் சாலையில் குந்தவைத்து, பேருந்துகளைக் கழுவப் பயன்படும் கிருமிக்கொல்லிக் கரைசலை அவர்கள் மீது பீய்ச்சினர். குழந்தைகளும் கண்களை மூடிக்கொண்டு அங்கே அமர்ந்திருந்தனர். கண்ணுக்கும் தோலுக்கும் கேடு தரும் நீர் அது. பேருந்துக்கும் மனிதனுக்கும் இடையே வேறுபாடு காண அப்போது எவருக்கும் பொழுதில்லை.

அதே மாதத்தில் மராட்டியத்திலும் கருநாடகத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்தோரின் கையில் முத்திரை குத்தினர். தேர்தலில் விரலில் வைக்கும் அழியா மை அதற்குப் பயன்பட்டது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலறிஞர் 1963இல் எழுதிய நூல் ஒன்றில், 'ஸ்டிக்மா' என்னும் சொல்லின் மூலத்தை விளக்குகிறார். அடிமை, குற்றவாளி, துரோகி என்று ஊரார் அறிந்து விலகிச் செல்லும்பொருட்டு, உடலில் வெட்டியோ சுட்டோ இடப்பட்ட குறிக்குக் கிரேக்கர் அப்பெயரை வழங்கினர் என்பது அவர் தரும் விளக்கம். அடையாளத்துக்காக இடப்பட்ட மைக்குறியில் அந்தப் பழைய சூட்டுக்குறியின் சாயல் தெரிந்தது. தமிழில் இதனைக் களங்கம் என்பர், இழுக்கு என்பர், பழி என்பர். எனக்கு வடு என்னும் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. தீ சுட்டதைப் புண் என்றும், நா சுட்டதை வடு என்றும் வள்ளுவர் பிரித்துச் சொன்னதை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் நாவுகள் ஓயவில்லை. ஏப்ரலில், தில்லியில் நடந்த ஒரு சமய மாநாட்டுக்குச் சென்று திரும்பியவர்களைப் பற்றிய பேச்சு, நோயைப் பற்றிய பேச்சாகத் தொடங்கி ஒரு சமயத்தாரைப் பற்றிய பேச்சாக மாறியது. அம்மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டனர் என்றும் அது கருதியது. மே மாதத்தில் 'கோயம்பேட்டிலிருந்து வந்தவர்' என்னும் சொல் கடலூரிலும் அரியலூரிலும் விழுப்புரத்திலும் ஒரு வசையாயிற்று. மூட்டை தூக்கிப் பிழைத்த மக்கள் அவர்கள். ஜூன் மாதத்தில் 'சென்னையிலிருந்து வந்தவர்' என்பதே போதுமானதாயிற்று. ஒவ்வொரு முறை தொலைபேசியில் எண்ணை அழுத்தியபோதும், நாம் போராட வேண்டியது நோயோடுதான், நோயாளியோடன்று என்று ஒரு குரல் சொல்லிற்று. அதைக் கேட்டு முடித்தபின், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார் என்று பேசத் தொடங்கினோம்.

அன்பர்களே, பழி மனிதனைத் துன்புறுத்துகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது மண்ணையும் கெடுக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃபும் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பும் 2020 பிப்ரவரியிலேயே ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. பழி, மக்களை நோயை மறைக்கத் தூண்டும்; மருத்துவம் நாடுவதைத் தாமதிக்கச் செய்யும்; நலம் பேணும் பழக்கங்களிலிருந்து அவர்களை விலக்கும் என்று அது எச்சரித்தது. நோயை மறைப்பவன் வேறு எதை மறைப்பான்? நோயின் தடயத்தை மறைப்பான். முகக்கவசம், கையுறை, மருந்துறை, இருமித் துடைத்த தாள் ஆகியவையே அத்தடயங்கள். அவற்றை எங்கே மறைப்பான்? யார் கண்ணும் படாத இடத்தில் மறைப்பான். யார் கண்ணும் படாத இடங்கள் எவை? கழிவுநீர்க் கால்வாய், ஏரிக்கரை, புதர், சாலையோரப் பள்ளம், ஆற்றுப் படுகை. ஊரின் பொதுச் சொத்துகள் அவை.

இக்குப்பை சிறிதன்று. 2020 ஜூன் முதல் 2021 மே வரையிலான ஓராண்டில் மட்டும் இந்தியாவில் கோவிட் தொடர்பான மருத்துவக் கழிவு ஏறத்தாழ 45,000 டன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. கணக்கில் வந்த கழிவு அது. 2020இல் 156 கோடி முகக்கவசங்கள் கடலில் கலந்திருக்கும் என்று 'ஓஷன்ஸ் ஏசியா' என்னும் அமைப்பு மதிப்பிட்டது. நாம் துணி என்று எண்ணி அணிந்த அந்த நீலக் கவசம் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி இழையாலானது. வெயிலிலும் நீரிலும் அது மட்குவதில்லை. நுண்துகள்களாகச் சிதைந்து மீனின் வயிற்றுக்குச் செல்கிறது.

இக்குப்பை முழுவதற்கும் பழியே காரணம் என்று நான் சொல்லவில்லை. சோம்பல் உண்டு, குப்பைத்தொட்டி இன்மை உண்டு, அச்சம் உண்டு. 2020 ஜூனில் வானூர்திகளில் நடு இருக்கையில் அமர்ந்தவருக்கு உடல் மூடும் அங்கி கொடுத்தனர். முகத்தட்டும் கிருமிநீக்கிப் பொட்டலமும் கொடுத்தனர். இறங்கியவுடன் அவற்றை என்ன செய்வதென்று அறியாத பயணி, முதலில் கண்ட மூலையில் எறிந்தான். அது அறியாமையின் குப்பை. அறிவிப்புப் பலகையும் தொட்டியும் வைத்தால் அது குறையும். ஆனால் பழிக்கு அஞ்சி எறியப்படும் குப்பை அறிவுரையால் குறையாது. அதை எறிபவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததனாலேயே இருட்டில் எறிகிறான்.

இதற்கு எதிரான ஒரு வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். பழிக்கு அஞ்சுபவன் கூடுதல் கவனமாக நடப்பான் அல்லவா? தன்னை மாசென்று சொன்ன ஊருக்கு முன், தான் தூயவன் என்று காட்டத் துடிப்பான் அல்லவா? உண்மைதான். ஊர் பார்க்கும்போது அவன் அப்படித்தான் நடப்பான். இரட்டைக் கவசம் அணிவான். வாசலை மும்முறை கழுவுவான். ஆனால் அக்கவனம் பார்ப்பவர் கண்ணுக்காக உண்டானது. கண் அகன்றதும் அதுவும் அகன்றுவிடும். சூழல்மீது கொள்ளும் பொறுப்போ எவரும் பாராதபோது நாம் செய்வது. இந்த இடம் என்னுடையது, இங்குள்ளவர்கள் என்னவர்கள் என்னும் உணர்வு இருந்தாலன்றி அது தோன்றாது. 'நீ எங்களவன் அல்லன்' என்று ஓர் ஊர் ஒருவனிடம் சொல்லிவிட்ட பிறகு, அவ்வூரின் வாய்க்கால் அவனுக்கு யாருடையது?

இதுவரை பிறர் கதைகளைச் சொன்னேன். இதற்கு மேலும் அவ்வாறே சொல்லிச் செல்வது நேர்மையாகாது. என் கதையையும் சொல்ல வேண்டும்.

2020 ஜூன் இரண்டாம் வாரத்தில் நானும் என் துணைவியாரும் சென்னையில் மகன் வீட்டிலிருந்து புறப்பட்டு, இ-பாஸ் பெற்று, வாடகை வண்டியில் எங்கள் ஊருக்கு வந்தோம். கும்பகோணத்திற்குக் கிழக்கே உள்ள சிற்றூர் அது. நான் பணியாற்றி ஓய்வு பெற்றதும் அவ்வூர்ப் பள்ளியில்தான். தெருவில் பாதிப்பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். சோதனைச் சாவடியில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, சளி மாதிரியும் எடுத்தனர். மறுநாள் காலையில் இரண்டு பணியாளர்கள் வந்து எங்கள் வாசற்கதவில் ஓர் அறிவிப்புத் தாளை ஒட்டினர். பெயர், எங்கிருந்து வந்தோம், எந்நாள் முதல் எந்நாள் வரை என்பன அதில் இருந்தன. பதினான்கு நாள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. பணிவாகவே பேசினார்கள், சொன்ன வேலையைச் செய்தார்கள்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டைக் கடப்போர் எதிர்ச்சிறகுக்கு மாறி நடந்தனர். பால்காரர் தெருமுனையிலேயே செம்பை வைக்கச் சொன்னார். என் மாணவன் ஒருவன், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைச் சன்னலில் கண்டதும் வணங்க உயர்த்திய கையைப் பாதியில் இறக்கி மூக்கை மூடிக்கொண்டான். அவன் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தப் பாதிக் கை என் நெஞ்சில் இன்றும் நிற்கிறது.

எங்களுக்கு ஒரு மஞ்சள் பை கொடுத்திருந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கவசம் முதலியவற்றை மஞ்சள் பையில் தனியே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். சரியான வழிகாட்டுதல்தான். முதல்முறை அவ்வாறே வாசலில் வைத்தோம். பகல் முழுதும் அந்த மஞ்சள் நிறம் தெருவில் எரிந்துகொண்டிருந்தது. போவோர் வருவோர் அதைப் பார்த்தனர். பிறகு எங்களைப் பார்த்தனர். என் துணைவியார், "இதை இனிமே வெளியில வைக்க வேண்டாங்க" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை.

நான்காம் நாள் இரவு, எல்லோரும் உறங்கிய பின், சேர்ந்திருந்த கவசங்களையும் தாள்களையும் ஒரு கறுப்புக் கேரி பையில் முடிந்து, கொல்லைப்புறம் சென்று வாய்க்காலில் எறிந்தேன். வாய்க்கால் அப்போது வறண்டு கிடந்தது. சுற்றுச்சூழல் நாளில் பள்ளி மேடையில் முழங்கியவன் நான். நீர்நிலைகளைப் பற்றி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன் நான். இந்த வட்டத்தில் காவிரியைப் பற்றிக் கவிதை வாசித்து உங்களிடம் கைதட்டு வாங்கியவனும் நானே. அந்தக் கையால்தான் எறிந்தேன். அப்போது எனக்குக் குற்றவுணர்வு எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விடுதலைதான் எழுந்தது.

நண்பர்களே, அவ்வாண்டு மேட்டூர் அணை குறித்த நாளாகிய ஜூன் 12இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் குறுவைக்கு உரிய காலத்தில் தண்ணீர் வந்தது. 16ஆம் நாள் கல்லணையும் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் எங்கள் வாய்க்காலுக்கும் நீர் வந்தது. முதல் நீர் வரும்போது ஊர் கரையில் கூடும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது வரும். நான் சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தேன். நீரின் ஒலிக்கு நடுவே என் பையை எண்ணினேன்.

மறுநாள் காலை, எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலராகிய அம்மையார் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். என் வயதில் முக்கால் வயதிருக்கும். சேலைத் தலைப்பே அவருக்கு முகக்கவசம். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இது: "வாத்தியாரய்யா, மதகுல ஒரு பை சிக்கியிருந்துச்சு. நான்தான் குச்சியால இழுத்து எடுத்துப் புதைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. இனிமே அப்படிப் போடாதீங்க, தண்ணி வயலுக்குப் போவுது. அந்த மஞ்சப் பையும் வாசல்ல வேணாம். சாதாப் பையில முடிஞ்சு கொல்லை வேலிகிட்ட வெச்சிடுங்க. வெடியக்காலம் நானே வந்து எடுத்துக்கறேன்."

நான் தலைகுனிந்து நின்றேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். "இதுல என்னங்கய்யா, எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாதா என்ற அச்சொல்லை அன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். எதை அறிவார் அவர்? தெரு மறுபுறம் மாறி நடப்பதை அவர் அறிவார். செம்பைத் தொலைவில் வைக்கச் சொல்வதை அறிவார். பிறர் கழித்ததைத் தொடும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களின் மகள் அவர். எனக்குப் பதினான்கு நாள் வந்த வடு அவருக்குப் பிறப்போடு வந்தது. பதினான்கு நாளைத் தாங்க மாட்டாமல் நான் வாய்க்காலைக் கெடுத்தேன், வாழ்நாள் முழுதும் தாங்கியவர் வாய்க்காலைக் காத்தார், என்னையும் காத்தார். எங்கள் மாதிரியில் தொற்று இல்லை என்று பின்னர் முடிவு வந்தது. ஆனால் பையை எறிந்த இரவில் எனக்கு அது தெரியாது. அவர் அதை இழுத்த காலையில் அவருக்கும் தெரியாது. அந்தப் பையில் நோய் இருந்திருந்தால் அது முதலில் சென்று சேர்ந்திருக்கும் இடம் அவர் கை. பழிக்கு அஞ்சி ஒளித்த குப்பை, ஒளியவே இடமில்லாதவரிடம்தான் போய்ச் சேர்கிறது.

அவர் செய்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். விதியை அவர் தளர்த்தவில்லை. பை தனியாகவே வரவேண்டும் என்றார். வீட்டைக் காட்டிக்கொடுக்கும் நிறத்தை மட்டும் நீக்கினார். அன்று முதல் பதினான்காம் நாள் வரை ஒரு நாளும் தவறாமல் பையை உரிய இடத்தில் வைத்தேன். எந்தச் சட்டமும் என்னிடம் பெற முடியாத ஒழுக்கத்தை அவர் ஒரு சொல்லால் பெற்றார்.

பின்னர்ச் செய்தித்தாள்களில் படித்தபோது, மேலிடத்தாரும் இதே வழியில் சிறிது நடந்திருப்பதைக் கண்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜூலையில் திருத்திய வழிகாட்டுதலில், பொதுவாக எல்லா வீட்டாரும் பயன்படுத்திய கவசத்தைத் தாள் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, மறுபடி எவரும் பயன்படுத்தாதவாறு வெட்டி, உலர்குப்பையோடு போடலாம் என்றது. இவ்விதி எல்லார்க்கும் பொது. எவர் வீட்டையும் சுட்டுவதில்லை. எல்லார் வாசலிலும் ஒரே பை இருக்குமானால் எந்த வாசலும் தனித்து எரிவதில்லை. கதவில் ஒட்டும் அறிவிப்பைப் பற்றியும் உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆராய்ந்தது. அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டார் தீண்டத்தகாதோராக நடத்தப்படுகின்றனர் என்று விசாரணையில் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி ஆணையிட்டாலன்றி அத்தகைய தாள்களை ஒட்டலாகாது என்று அம்மாதம் 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. எங்கள் கதவில் தாளின் பசைத்தடம் அப்போதும் இருந்தது.

இது முடிந்துபோன கதை என்று எண்ண வேண்டாம். இ-பாஸ் என்னும் அந்தச் சொல்லே 2024 மே 7 முதல் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் திரும்பி வந்தது. இம்முறை நோய்க்காக வரவில்லை. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று அறியும்பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதனால் வந்தது. நல்ல நோக்கம், நான் வரவேற்கிறேன். வெளியூர் வண்டிகளுக்குப் பொதுவான கணக்கு என்பதால் அதில் எவருக்கும் இழிவில்லை. ஆனால் அதையொட்டி, 'சுற்றுலா வருகிறவன் எல்லாம் குப்பை போட வருகிறவன்' என்று பேசும் பேச்சும் கேட்கிறது. அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அளவு வகுப்பது வேறு, அழுக்கென்று வைவது வேறு. விருந்தினன் என்று வரவேற்கப்பட்டவன் வீட்டுக்குரியவனைப் போல் நடக்க முயல்வான். அழுக்கு என்று வரவேற்கப்பட்டவனுக்கு அம்முயற்சி எதற்கு? மீண்டும் ஒரு பெருந்தொற்று வருமானால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது நமக்குக் கைகொடுப்பது இப்போது நாம் பழகும் சொற்களே.

சொற்கள் என்றதும் இந்த வட்டத்துக்கு வருகிறேன். நாம் கூடாதிருந்த மாதங்களில் கவிதை எழுதாமல் இருந்தோமா? எழுதினோம். தொலைபேசி வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். அவற்றுட் பலவற்றைச் சென்ற வாரம் மீண்டும் படித்தேன். ஆறு தெளிந்தது என்றோம். மயில் தெருவுக்கு வந்தது என்றோம். பூமி மூச்சுவிடுகிறது என்றோம். மனிதனே இப்பூமியின் கிருமி என்றும் எழுதினோம். நானும் எழுதினேன். எழுதியபோது அழகாக இருந்தது. இப்போது படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: அந்த மனிதன் யார்? மொட்டைமாடியில் அமர்ந்து மயிலைக் கண்டவனை நாம் கிருமி என்று எண்ணவில்லை. வீதியில் நடந்தவன், மூட்டையோடு வந்தவன், வேற்றூரான் ஆகியோரே அச்சொல்லின்கீழ் வந்து விழுந்தனர். ஆறு தெளிந்தது என்று நாம் பாடிய அதே மாதத்தில்தான் என் கறுப்புப் பை வாய்க்காலில் கிடந்தது. என் கவிதையில் அந்தப் பைக்கு இடமில்லை.

நோய்க்கு ஊர்ப் பெயரையோ, விலங்கின் பெயரையோ, மக்கட் கூட்டத்தின் பெயரையோ இடலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இலேயே நெறி வகுத்தது. 2020 பிப்ரவரி 11இல் கோவிட் 19 என்னும் நிறமற்ற பெயரை அது தேர்ந்ததும் அந்நெறிப்படியே. அடுத்த மாதத்தில் 'சமூக இடைவெளி' என்பதை விட்டு 'உடலளவிலான இடைவெளி' என்று சொல்லத் தொடங்கியது. சமூகம் விலக வேண்டியதில்லை, உடல்கள் சற்று விலகினால் போதும் என்பதற்காக. விலக்கி வைத்தலின் வரலாற்றைத் தன் தெருக்களிலேயே சுமக்கும் நம் மொழிக்கு அந்த வேறுபாடு எத்துணை இன்றியமையாதது! மருத்துவர்கள் சொல்லை இவ்வளவு அளந்து தேர்ந்தார்கள். சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அந்த அளவுக்கு அளந்தோமா? அளக்கவில்லை என்பதே என் வாக்குமூலம்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சூழலைப் பாடுங்கள், கட்டாயம் பாடுங்கள். ஆனால் ஒரு மனிதனைச் சுட்டும் சொல்லை எழுதுமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இச்சொல்லைக் கேட்டவன் தன் கையிலுள்ளதை வெளியே எடுத்து வைப்பானா, இருட்டில் கொண்டுபோய் எறிவானா? வெளியே எடுத்து வைக்கச் செய்யும் சொல் நம்மிடம் இருக்கிறது. எங்கள் கொல்லை வேலியருகே நின்று ஒருவர் அதைச் சொன்னார். அவர் எழுத்தறியாதவர், நம் வட்டத்தின் கூட்டத்திற்கு ஒருநாளும் வந்ததில்லை, நாம் அழைத்ததுமில்லை.

அவருடைய பெயரை இந்த மேடையில் நான் சொல்லவில்லை. ஊரில் என் பெயரைச் சொல்லாமல் அவர் காத்ததைப் போல, அவரைக் கேளாமல் அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்து வர எண்ணியிருக்கிறேன். அவர் இசைந்து வருவாரானால், முன்வரிசையில் அவருக்கோர் இருக்கை தரவேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.